சீலகாந்த் மீனை நேரில் பார்க்க முடியுமா?

"அண்ணே, இந்தோனேசியாவின் வடக்கு மலுக்கு தீவுகள் பக்கம் 145 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பாளர்கள் சீலகாந்த் மீனை உயிரோடு படம் எடுத்தார்களாமே, நானும் அட்வான்ஸ்டு லைசென்ஸ் முடித்துவிட்டேன், அந்த நாட்டு மனாடோ நகரத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, நாமும் போய்ப் பார்க்க முடியாதா? இந்த மாதிரி மீனை எல்லாம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். முதல் கேள்விக்குப் பதில் ஒரே சொல்தான்: முடியாது. ஏன் முடியாது என்று பின்னால் சொல்கிறேன். இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் விஞ்ஞானி கிடையாது. இருபது வருடமாக முக்குளிக்கிறேன், அதில் பாதிக் காலம் ஓர் ஆய்வுக்கூடத்தில் மீன் பாட்டில்களுக்குச் சாராயம் மாற்றும் வேலை பார்த்தேன், அவ்வளவுதான். குடிக்கிற சாராயம் இல்லை, அந்தச் சந்தேகம் என் அம்மாவுக்குக் கடைசி வரை இருந்தது.

சீலகாந்த் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆள் நீளத்துக்கு வளரும் கனமான மீன். துடுப்புகள் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்காமல் சதைப்பிடிப்பான குட்டைக் காம்புகளின் நுனியில் இருக்கும், பார்த்தால் கையும் காலும் முளைக்கப் போவது போலத் தோன்றும். இதன் குடும்பத்தை 40 கோடி வருடப் பழைய பாறைகளிலேயே பார்க்கலாம், ஆனால் 6.6 கோடி வருடங்களுக்கு முன், டைனோசர்கள் போன சமயத்தோடு, பாறைகளில் தடமே இல்லாமல் போய்விட்டது. எனவே இதுவும் அழிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

சரி, கண்டுபிடித்த கதை. கடலுக்கடியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய்க் கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி நடக்கவே இல்லை. 1938 டிசம்பர் 22, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகம். மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் என்ற இளம் பெண், அந்த ஊரின் சிறிய அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர். நெரைன் என்ற இழுவைப் படகு கரைக்கு வந்தால் அதன் கேப்டன் ஹென்ட்ரிக் கூசன் அவருக்குச் சொல்லி அனுப்புவார், வலையில் விசித்திரமாக எதுவும் விழுந்திருக்கிறதா என்று இவர் போய்ப் பார்ப்பார். அன்றைக்குக் கிறிஸ்துமஸ் நெருக்கம், வேலை தலைக்கு மேல். படகில் இருப்பவர்களுக்கு வாழ்த்தாவது சொல்லிவிட்டு வருவோமே என்று போனவர், சுறாக் குவியலுக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு துடுப்பு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மேலே கிடந்ததை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஒன்றரை மீட்டர் நீளம், 57 கிலோ, அவர் எங்கும் பார்த்திராத மீன்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருவது. நாற்றமெடுக்கும் மீனை ஏற்ற மாட்டேன் என்ற டாக்சிக்காரரைச் சமாளித்து ஏற்றிக்கொண்டு போனார். தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் என்றால் கோடைக்காலம். பிணவறையில் கேட்டார், முடியாது என்றார்கள். குளிர்பதனக் கிடங்கில் கேட்டார், அங்கேயும் அதே பதில். அருங்காட்சியகத் தலைவரோ இது ஏதோ சாதாரண பாறைக் கொடுவா என்றார். கடைசியில் செய்தித்தாளையும் துணியையும் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் நனைத்துச் சுற்றி வைத்துவிட்டு, மீன் ஆராய்ச்சியாளர் ஜே.எல்.பி. ஸ்மித்துக்கு ஒரு கடிதமும் கையால் வரைந்த ஒரு படமும் அனுப்பினார். ஸ்மித் விடுமுறையில் வேறு ஊரில் இருந்தார். எலும்பையும் செவுளையும் எப்படியாவது காப்பாற்றுங்கள் என்று அவருடைய தந்தி வந்து சேர்ந்தபோது ஜனவரி ஆகிவிட்டது. அதற்குள் மீன் அழுகி, தோலை மட்டும் உரித்துப் பாடம் செய்துவிட்டு உள்ளே இருந்ததை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டார்கள். 6.6 கோடி வருடம் தாங்கிய ஒரு வம்சத்தின் குடல் ஒரு வாரத்தில் குப்பைக்குப் போனது. மீனுக்கு லாட்டிமேரியா சாலும்னே என்று அந்தப் பெண்ணின் பெயரையும் அது பிடிபட்ட ஆற்றுமுகத்தின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

ஸ்மித் அப்புறம் 14 வருடம் இரண்டாவது மீனுக்காக அலைந்தார். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை முழுக்க, மீன் படத்தோடு நூறு பவுன் பரிசு என்று அச்சடித்த நோட்டீஸ் போனது. 1952 டிசம்பரில் கொமோரோஸ் தீவுகளிலிருந்து எரிக் ஹன்ட் என்ற படகோட்டி தகவல் அனுப்பினார். ஸ்மித் பிரதமரிடமே கெஞ்சி ராணுவ விமானம் ஒன்றை வாங்கிக்கொண்டு பறந்தார். அங்கே போனால்தான் தெரிகிறது, அந்த ஊர் மீனவர்களுக்கு இது புதுசே இல்லை. கொம்பெஸ்ஸா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் சின்ன ஓடத்தில் உட்கார்ந்து வேறு மீனுக்காக நூற்றுக்கணக்கான மீட்டர் கயிறு விடும்போது எப்போதாவது இது மாட்டும், எண்ணெய்ச் சதை, சாப்பிட லாயக்கில்லை, வயிற்றைக் கலக்கிவிடும். "கண்டுபிடித்தார்" என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். யார் கண்ணில் பட்டது என்பதல்ல, யார் எழுதி வைத்தார் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஆகிவிட்டது.

இனி நம்ம பக்கம் வருகிறேன். 1997 செப்டம்பர், மனாடோ. மார்க் எர்ட்மன் என்ற பவள ஆய்வாளரும் அவர் மனைவி அர்னாஸ் மேத்தாவும் தேனிலவுக்கு வந்தவர்கள். மீன் சந்தையில் ஒரு தள்ளுவண்டியில் பெரிய மீன் ஒன்று போகிறது, முதலில் பார்த்தது மனைவி. சீலகாந்த் என்று எர்ட்மனுக்கு உடனே தெரிந்துவிட்டது, ஆனால் இந்தோனேசியாவிலும் இருப்பது ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருக்கும் என்று நினைத்து, ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு மீனை வாங்காமல் விட்டுவிட்டார். கொமோரோஸ் அங்கிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர்! அதற்கு முன் இந்தப் பக்கம் ஒன்றுகூடப் பதிவானதில்லை என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. படித்தவர்களுக்கு வரும் வியாதி இது, "இது எல்லாம் யாராவது முன்பே எழுதியிருப்பார்கள்" என்று விட்டுவிடுவது. நானே எத்தனை தடவை விட்டிருக்கிறேனோ.

ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. மனாடோ இருக்கும் சுலாவேசித் தீவின் மீனவர்களிடம் ஊர் ஊராகப் போய்ப் படத்தைக் காட்டி விசாரித்தார். சிலர் பார்த்ததும் சொன்ன பெயர் ராஜா லாவுட். மலாய் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், கடல் ராஜா. பெயரில் பாதி நம்முடையதுதான். 1998 ஜூலை 30 அன்று ஓம் லாமே சோனாதாம் என்ற மீனவர், சுறா வலையில் மாட்டிய ஒன்றை மனாடோ துவா தீவிலிருந்து உயிரோடு கொண்டுவந்தார். சில மணி நேரம் உயிரோடு இருந்தது, எர்ட்மன் தண்ணீரில் கூடவே இறங்கிப் படம் எடுத்தார். கொமோரோஸ் மீன் நீலம், இது பழுப்பு, மேலே பொன்துகள் தூவியது போல மினுக்கம். கொடுமை என்னவென்றால், அவர் முறைப்படி பெயர் வைப்பதற்குள் வேறொரு குழு முந்திக்கொண்டு 1999ல் லாட்டிமேரியா மெனாடோயென்சிஸ் என்று வெளியிட்டுவிட்டது. விஞ்ஞானத்தில் யார் முதலில் அச்சேற்றுகிறாரோ அவர் வைத்ததே பெயர். அந்தச் சண்டை இன்னும் நீளம், அது போகட்டும்.

கவனித்தீர்களா? இதுவரை நான் சொன்னவர்களில் ஒருவர்கூட இந்த மீனை அதன் வீட்டில் போய்ப் பார்க்கவில்லை. கரைக்கு வந்ததைத்தான் பார்த்தார்கள். கரைக்கு வந்தது பெரும்பாலும் சில மணி நேரத்தில் செத்துவிடும். அழுத்தம் குறைந்ததால் சாகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது முழு உண்மை இல்லை. பல ஆழமீன்களுக்கு வயிற்றில் காற்றுப்பை இருக்கும், மேலே வரும்போது அது ஊதிவிடும். சீலகாந்துக்கு அந்தப் பையில் காற்றே கிடையாது, கொழுப்புத்தான். அதைக் கொல்வது சூடு. அது வாழும் தண்ணீர் பெரும்பாலும் பதினைந்து முதல் இருபது டிகிரி. வெப்பமண்டலக் கடலின் மேல்தண்ணீருக்கு வந்தால் அதன் ரத்தத்தால் போதுமான ஆக்சிஜனைப் பிடிக்க முடியாது. மூச்சுத் திணறித்தான் சாகிறது.

வீட்டுக்குப் போய் முதலில் பார்த்தது ஹான்ஸ் ஃப்ரிக்கேயின் ஜெர்மன் குழு. 1987 ஜனவரி, கொமோரோஸ், ஜியோ என்ற சிறிய நீர்மூழ்கி. அந்தக் கலம் 200 மீட்டர் வரைதான் போகும். மீன் தட்டுப்பட்டது 198 மீட்டரில்! இரவில்தான் தட்டுப்பட்டது. பகலில் எங்கே போகிறது என்பது புதிராகவே இருந்தது. பிறகு ஜாகோ என்று 400 மீட்டர் போகக்கூடிய இன்னொரு கலத்தைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். எரிமலைச் சரிவின் குகைகளுக்குள் பத்துப் பன்னிரண்டு மீன்கள் ஒன்றாக, ஒன்றையொன்று இடிக்காமல், வீவக அடுக்குமாடிக் கட்டட மின்தூக்கியில் காலை ஏழரை மணிக்கு நிற்பவர்கள் மாதிரி பேசாமல் நின்றுகொண்டிருந்தன. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாக வெளியே போகும், விடியும் முன் ஏதாவது ஒரு குகைக்குத் திரும்பும்.

நடக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அந்தக் கால் போன்ற துடுப்புகளைத் தரையில் ஊன்றி அது ஓர் அடிகூட வைப்பதில்லை. ஆனால் ஆட்டும் விதத்தைப் பாருங்கள்: இடது முன்துடுப்பும் வலது பின்துடுப்பும் ஒன்றாகப் போகும், அப்புறம் மாறிப் போகும். சுவரில் பல்லி போவதை உற்றுப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்த நடைதான். தரையில்லாத இடத்தில் அதே நடையைப் போட்டுக்கொண்டு நீரோட்டத்தோடு மெதுவாக மிதக்கிறது. நடுவில் தலைகீழாக நிற்கும், ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே. மூக்குப் பக்கம் ஜெல் நிறைந்த ஓர் உறுப்பு இருக்கிறது, அதனால் இரையின் உடம்பிலிருந்து வரும் மிக மெல்லிய மின்சாரத்தை உணர்கிறது என்று கருதுகிறார்கள், தலைகீழாக நிற்பது அதற்காக இருக்கலாம். உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொரு மீனுக்கும் வேறு மாதிரி. அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் இது போன வருடம் பார்த்த அதே மீன் என்று ஆள் அடையாளம் கண்டார்கள். புள்ளியும் வெறும் அழகுக்கு இல்லை, குகைச் சுவரில் ஒட்டியிருக்கும் சிப்பியும் கடற்பஞ்சும் அதே மாதிரிதான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

இப்போது உங்கள் லைசென்ஸுக்கு வருவோம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர், உங்கள் அட்வான்ஸ்டுக்கு 30. என் தாத்தா நாகப்பட்டினம் பக்கம், அவர் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். 145 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 80 பாகம். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப் போல் பதினைந்தரை மடங்கு. நாம் தொட்டியில் அடைக்கும் சாதாரணக் காற்றை அங்கே மூச்சிழுத்தால் அதிலுள்ள ஆக்சிஜனே விஷம், வலிப்பு வந்துவிடும். நைட்ரஜன் போதை வேறு. அதனால் பெரும் பகுதி ஹீலியம் கலந்த வாயுவும், விட்ட மூச்சைச் சுத்தம் செய்து திருப்பித் தரும் ரீபிரீதர் கருவியும் வேண்டும். கீழே சில நிமிடம் இருந்ததற்கு, மேலே ஏறி வர மணிக்கணக்கில் ஆகும், இடையிடையே நின்று நின்று. நடுவில் ஏதாவது ஆனால் நேராக மேலே வர முடியாது, தலைக்கு மேல் கூரை போட்டது மாதிரிதான்.

விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2000 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் சோட்வானா பே பகுதியில், பீட்டர் வென்டர் என்ற முக்குளிப்பாளர் 104 மீட்டரில் சீலகாந்தைப் பார்த்தார், கையில் கேமரா இல்லை. அடுத்த மாதம் கேமராவோடு குழுவாக இறங்கி மூன்று மீன்களைப் படம் பிடித்தார்கள். அந்த முக்குளிப்பில் ஒருவர் மயங்க, அவரைக் காப்பாற்ற வேகமாக மேலே வந்த இன்னொருவர் இறந்துபோனார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மீனைவிட அவர் நினைவுதான் வரும்.

நீங்கள் சொன்ன மலுக்கு படம் 2024 அக்டோபரில் அலெக்ஸி ஷப்புயி குழு எடுத்தது, 2025ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இந்தோனேசிய சீலகாந்தை அதற்கு முன்பே நீர்மூழ்கியும் ரோபோ கேமராவும் பார்த்திருக்கின்றன, மனிதர் நேரில் நீந்திப் போய் எடுத்தது இதுதான் முதல் முறை. அதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தச் சரிவு செங்குத்து, எங்கே பாறை மடிப்பு, எங்கே தண்ணீர் குளிர்ச்சி என்று முன்கூட்டியே பார்த்து, பல தடவை வெறுங்கையோடு ஏறி வந்த பிறகு கிடைத்தது. சரியான இடத்தை அவர்கள் வெளியே சொல்லவில்லை. அதைத் துருவித் துருவிக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இந்த மீன் நூறு வயது வரை வாழக்கூடும், பெண் மீன் பருவத்துக்கு வரவே ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும், வயிற்றில் குட்டியைச் சுமப்பது ஐந்து வருடம் என்று 2021ல் செதிலின் வளையங்களை எண்ணிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் மீன் வலையில் போனால் அந்த இடத்தை நிரப்ப இன்னொரு தலைமுறை ஆகும். விளக்கோடு கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து நின்றால் அந்தக் குகை என்ன ஆகும் என்று நானா சொல்ல வேண்டும்?

சில வருடம் முன் நானும் மனாடோ பக்கத்தில் உள்ள புனாக்கென் தீவுக்குப் போயிருந்தேன். எதிரே மனாடோ துவா, கடலிலிருந்து நேராக எழும்பிய எரிமலை. பவளச் சுவரை ஒட்டி 28 மீட்டரில் நின்று கீழே பார்த்தேன். நீலம், அதற்குக் கீழே இன்னும் கெட்டியான நீலம், சுவர் அதற்குள் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்த சீலகாந்த். மேலே வந்து படகோட்டியிடம் அப்பாவிடமிருந்து கற்ற பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், ராஜா லாவுட் பற்றிக் கேட்டேன். தலையை ஆட்டினார், தின்ன ஆகாது என்றார், உடனே சிங்கப்பூரில் சூரை மீன் கிலோ என்ன விலை என்று கேட்டார். அரை மணி நேரம் சூரை மீன் விலைதான் பேசினோம்.

சிங்கப்பூரைச் சுற்றி இதைத் தேடவே வேண்டாம். நம்ம நீரிணை பெரும்பாலும் சில பத்து மீட்டர் ஆழம்தான். இருபதாயிரம் வருடத்துக்கு முன் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தபோது இங்கிருந்து ஜாவாவுக்குக் கால் நனையாமல் நடந்தே போயிருக்கலாம். செங்குத்துச் சரிவும் குளிர்ந்த குகையும் இங்கே எங்கே இருக்கப்போகிறது? அதற்காக ஆழ்கடலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடாது. 2018ல் நம்ம தேசியப் பல்கலைக்கழகமும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் பருணா ஜாயா VIII என்ற கப்பலில் ஜாவாவின் தெற்கே 14 நாள் வலை இழுத்தார்கள், 63 இடங்களில். 12,000க்கும் மேற்பட்ட உயிர்கள், சுமார் 800 இனம். அதில் கிடைத்த ஒன்று முழங்கை நீளத்துக்கு, 36 சென்டிமீட்டர், ஏழு ஜோடிக் கால், பார்த்தால் பெரிய கரப்பான். பாத்தினோமஸ் ரக்சாசா என்று 2020ல் பெயர் வைத்தார்கள். ரக்சாசா வேறு யாருமில்லை, நம்ம ராட்சசன்தான். மேலே ராஜா, கீழே ராட்சசன், இந்தோனேசியக் கடலுக்கடியில் ஒரு புராணமே ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது, மூன்றரை மணி நேர விமானத்துக்கு முன் தேக்கா ஈரச்சந்தைக்கு ஒரு நாள் காலை ஆறரைக்குப் போங்கள். சிவப்பு மீன்களின் பெட்டியைப் பாருங்கள். ஆழத்திலிருந்து வந்ததற்குக் கண் பெரிதாக இருக்கும், நிறம் சிவப்பாக இருக்கும் (கீழே சிவப்பு வெளிச்சம் எட்டாது, அங்கே அது கறுப்பாகத்தான் தெரியும்), சிலவற்றுக்கு வாய்க்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக பலூன் மாதிரி ஒன்று பிதுங்கியிருக்கும். நாக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அது இரைப்பை. நான் மேலே சொன்ன காற்றுப்பை ஊதி அதை வெளியே தள்ளியிருக்கிறது. தெரியாத மீன் எதுவும் கண்ணில் பட்டால் கடைக்கார அங்கிளிடம் மலாய்ப் பெயரும் எந்தப் பக்கத்துப் படகு என்பதையும் கேளுங்கள், பக்கவாட்டில் படுக்க வைத்து, துடுப்பை விரித்துப் படம் எடுங்கள். பக்கத்தில் உங்கள் ஈஸி-லிங்க் பயண அட்டையை வையுங்கள், அளவு தெரியும். அப்புறம் இரண்டு வெள்ளிக்காவது ஏதாவது வாங்குங்கள், சும்மா படம் மட்டும் எடுத்தால் அடுத்த தடவை விரட்டிவிடுவார்.